சுமைதாங்கிகளின் சரித்திரம்

நம் முன்னோர் தமிழ்நாட்டில் ஊர்விட்டு ஊர் செல்லும் பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கி என்று ஒன்றை நிறுத்தி வைத்தனர். ஆள் உயரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மீது மற்றொரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன் பிறர் உதவியின்றித் தானே சுமையை அதன்மேல் இறக்கி, சற்று இளைப்பாறி, மீண்டும் தானே ஏற்றிக்கொண்டு நடப்பான். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். சுமைதாங்கி எவனுடைய பொருளையும் பறித்துக்கொள்வதில்லை. சிறிது நேரம் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. ஆயினும், அது இல்லாத பாதையில் நடந்தவனுக்கே அதன் அருமை தெரியும்.

இந்தக் கல்லை நமக்கு நினைவூட்டியவர் நம் தோட்டத்து லயத்தில் வசிக்கும் ஓர் அம்மையார். கிராணி வேலையில் இருப்போர்க்குக் கணக்கு எழுதுவது பாதி வேலையென்றால், பிறருக்காகக் கடிதம் எழுதுவது மற்றப் பாதி. ஒருநாள் மாலை அவ்வம்மையார் நம் மேசைக்கு முன் வந்து நின்றார். அவருக்கு இருபது வயதில் ஒரு மகன். நடக்கவும் பேசவும் இயலாதவன். அடிக்கடி வலிப்பும் வரும். மகளோ ஜொகூரில் வாழ்க்கைப்பட்டுத் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். "கிராணி ஐயா, காசு கேட்டு எழுத வேண்டாம். நாலு நாளைக்கு இவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்குமா என்று மட்டும் எழுதிக் கேளுங்கள்" என்றார். காகிதத்தை எடுத்தோம், தேதியையும் இட்டோம். ஆனால் எந்த விலாசத்துக்கு எழுதுவது என்பது நமக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அவர் ஓரிரவும் வெளியே தங்கியதில்லை என்பதும் அப்பொழுதுதான் நமக்குத் தெரிந்தது. ஒரே தோட்டத்தில் இருந்தும் அதனை அறியாதிருந்தமைக்கு வெட்கினோம்.

உடற்பேறு குறைந்த ஒருவரைச் சில நாட்கள் மட்டும் வைத்துப் பராமரித்து, அவர்தம் குடும்பத்தார்க்கு ஓய்வு அளித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உலகில் உண்டா, உண்டாயின் அது எவ்வாறு பிறந்தது என்று அறியும் அவா அன்று நமக்கு உண்டாயிற்று. அதன் சரித்திரம் இங்கிலாந்தில் தெளிவாகக் காணக்கிடைப்பதால், அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பூட்டிய வாயில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டினர் அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கென்று பெரிய மாளிகைகளை எழுப்பத் தொடங்கினர். சரே மாகாணத்தில் 1855இல் திறக்கப்பட்ட ஏர்ல்ஸ்வுட் இல்லம் அவற்றுள் பெயர்பெற்றது. அதன் மருத்துவ அதிகாரியாக 1858 முதல் 1868 வரை இருந்தவர் ஜான் லாங்டன் டவுன். இன்று அவர் பெயராலேயே வழங்கும் ஒருவகை வளர்ச்சிக் குறையை 1866இல் விவரித்து எழுதியவர் அவரே. இத்தகைய இல்லங்களை நிறுவியோரின் எண்ணம் தீயதன்று. பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பழக்கி வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதே தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை.

ஆனால், நாளடைவில் உள்ளே போனவர் வெளியே வருவது அரிதாயிற்று. இவர்களைச் சமூகத்தினின்றும் பிரித்து வைப்பதே நலம் என்ற கொள்கை ஓங்கி, 1913இல் மனக்குறைச் சட்டம் என்னும் ஒரு சட்டமாகவே ஆயிற்று. அதன் கீழ், ஒருவரைக் குறையுடையவர் என்று சான்று எழுதி, ஊருக்கு வெளியே அமைந்த குடியிருப்புகளில் அடைத்து வைக்கலாம். அங்கே வேலை செய்தோர் காவலாளரைப் போன்றவரே. ஒவ்வொரு கூடத்திலும் வரிசை வரிசையாய்க் கட்டில்கள் கிடக்கும். பணியாளர் சிலரே இருப்பர். எல்லார்க்கும் ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் விளக்கணைப்பு.

இந்நிலையில் பெற்றோர்க்கு இருந்த வழிகள் இரண்டே. பிள்ளையை வீட்டில் வைத்து ஆயுள் முழுதும் ஓய்வின்றிக் காப்பது ஒன்று. அடியோடு கொடுத்துவிட்டு வருவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, "நான்கு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு ஓர் இடமும் இல்லை.

ஒரு தாயின் கடிதம்

அந்த நடுவழியைத் திறக்கும் முயற்சியில் ஒரு தாயின் கடிதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஜூடி பிரைட் என்னும் மாதின் மகள் வளர்ச்சிக் குறை உடையவள். பள்ளிக்கூடம் அவளை ஏற்காத வருத்தத்தில், அத்தாய் 1946இல் குழந்தை வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெற்றோர் பதில் எழுதினர். அவ்வாண்டே பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோர்க்கென்று ஒரு சங்கம் பிறந்தது. இன்று மென்காப் என்ற பெயரால் இங்கிலாந்து முழுதும் அறியப்படும் ஸ்தாபனம் அதுவே.

இதற்குப் பின் 1952இல், அந்நாட்டுச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வீட்டில் பிரசவம், நோய், மரணம் போன்ற அவசரம் நேரிடின், குறையுடையவரைச் சான்று எழுதி அடைத்து வைக்கும் சடங்கு இல்லாமலே, குறுகிய காலத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சுமைதாங்கிக் கல் சட்டத்தின் பாதையில் நாட்டப்பட்ட நாள் அதுவென்றே கூறலாம். அதன்பின் 1959இல் வந்த மனநலச் சட்டம் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றியது.

கல் நின்றது, கை எங்கே?

வழி திறந்தது உண்மை. ஆனால் அது சென்று சேர்ந்த இடம் எது? பழைய பெருங்கூடங்களே. நான்கு நாளைக்கு வந்த பிள்ளையும் நாற்பது ஆண்டு கிடந்தவரும் அருகருகே படுத்தனர். வந்த பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்கு அஞ்சும், தண்ணீர் வேண்டுமாயின் எப்படிக் கண்ணால் காட்டும் என்பது பணியாளர்க்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அந்த ஆஸ்பத்திரிகளின் நிலை என்ன என்பதை, கார்டிப் நகரின் ஈலி ஆஸ்பத்திரி பற்றி 1969இல் வெளியான விசாரணை அறிக்கை உலகறியச் செய்தது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து வில்லோபுரூக் இல்லத்தின் கொடுமைகளும் 1972இல் தொலைக்காட்சி வாயிலாக வெளிவந்தன.

இங்கே ஒரு வேற்றுமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தனியே விடப்பட்ட ஒரு குழந்தை எவ்வாறு வாடுகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் படம் பிடித்துக் காட்டினார். 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க விடவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆக, மற்றக் குழந்தைக்குத் தாயைப் பிரிந்தால் துக்கம் உண்டு என்பதை நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. குறையுடைய குழந்தைக்கும் அதே துக்கம் உண்டு என்று ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. "இவனுக்கு என்ன தெரியும்?" என்ற ஒரு சொல்லே தடையாய் நின்றது.

அத்தடையை உடைக்க முயன்றவர்களுள் மவ்ரீன் ஆஸ்வின் என்னும் பெண்மணி முக்கியமானவர். இல்லங்களில் பிள்ளைகள் வாரக் கடைசியைக் கழிக்கும் வெறுமையைப் பற்றி அவர் 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். 1984இல் குறுந்தங்கல் ஏற்பாட்டைப் பற்றியே மற்றொரு நூல் எழுதினார். வாய்பேசாப் பிள்ளைகளும் வீட்டு ஏக்கத்தால் வாடுகின்றனர் என்பதும், கைமாறிக் கைமாறிப் பராமரிக்கப்படும் பிள்ளைக்கு அந்தச் சில நாட்களே பெருந்துன்பம் ஆகின்றன என்பதும் அவர் எடுத்துக்காட்டிய உண்மைகள். தாய்க்கு ஓய்வு கொடுக்கப் பிள்ளையை வருத்துவதா என்ற கேள்வி எழுந்தது. பிள்ளை அழுவதை அறிந்த தாய்க்கு அது ஓய்வாகுமா என்ற கேள்வியும் அதனுள்ளே இருந்தது.

தெரிந்த கை

இதற்கு விடை வேறு திக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1970களில் எக்சிட்டர் நகரில் ஹனிலாண்ட்ஸ் என்னும் இல்லத்தில், பெற்றோர் வேண்டும்போது பிள்ளையைச் சில மணி நேரமோ சில நாட்களோ விட்டுச்செல்லும் முறை நடைபெற்றது. அதே பத்தாண்டின் நடுவில் லீட்ஸ் நகரிலும் சோமர்செட் மாகாணத்திலும் இன்னும் ஒருபடி முன்னேறினர். பிள்ளையைக் கட்டடத்துக்கு அனுப்பாமல், அயலார் ஒருவர் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு அது. அக்குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, ஊதியமும் தந்து, இரு குடும்பங்களையும் முன்கூட்டியே அறிமுகப்படுத்தினர். ஒவ்வொரு முறையும் அதே பிள்ளை அதே வீட்டுக்குப் போகும். பிள்ளைக்கு அது அந்நிய இடமன்று; அத்தை வீட்டுக்குப் போய்வருவது போன்றது.

இவ்வனுபவத்தால் சொல்லும் மாறியது. சுமையிலிருந்து விடுதலை என்ற பொருள் தொனிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லை விடுத்து, குறுகிய இடைவேளை என்ற சொல்லை அந்நாட்டினர் வழங்கலாயினர். பிள்ளை சுமையன்று; இடைவேளை தாய்க்கு மட்டுமன்று, பிள்ளைக்கும் உரியது என்பது அதன் கருத்து. நாமும் இக்கட்டுரையின் தலைப்பை அவ்வாறே திருத்திப் பொருள்கொள்ளுமாறு வேண்டுகிறோம். தாயின் தலைமேல் இருக்கும் சுமை அவள் மகன் அல்லன்; மாற்றிப் பிடிக்க ஆளில்லாமையே அச்சுமை.

பின்னர்ச் சட்டங்கள் தொடர்ந்தன. அமெரிக்கா 2006இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 2011 முதல், குறையுடைய பிள்ளைகளைப் பராமரிப்போர்க்கு இடைவேளை ஏற்பாடு செய்வது உள்ளூராட்சியின் கடமை ஆயிற்று. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, வறுமையில் வாழும் குடும்பங்களுக்கு அரசு செய்யவேண்டிய உதவிகளுள் இந்த ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தன.

பணியாளர் செய்வது யாது?

இச்சரித்திரத்தைப் படித்தபின், அதனைக் கண்ணாலும் காணவேண்டும் என்று எண்ணி, நம் ஆண்டு விடுப்பில் பத்து நாட்களைப் பட்டணத்திலுள்ள ஒரு குறுந்தங்கல் இல்லத்தில் துணையாளாய்க் கழித்தோம். அங்கே நாம் கற்றவற்றுள் சில வருமாறு.

முதல் வேலை, கேட்பது. பிள்ளையைக் கொண்டுவரும் தாயை உட்காரவைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கின்றனர். சோறு எவ்வளவு குழைய வேண்டும், கரண்டியை வாயின் எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், எந்தப் பக்கமாகப் படுத்தால் உறங்குவான், எந்த ஓசை பிடிக்காது, வலித்தால் எப்படி முகம் சுளிப்பான் என்பன அதில் இருக்கும். பட்டம் பெற்ற மருத்துவர்க்கும் தெரியாத செய்திகள் தாயின் வாயிலிருந்து வருகின்றன. அவற்றைக் கேட்டு எழுதத் தெரிந்தவரே நல்ல பணியாளர்.

மருந்து கொடுக்குமுன் பெயர், அளவு, வேளை மூன்றையும் ஏட்டோடு ஒத்துப் பார்த்துக் கையொப்பம் இடுகின்றனர். வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கின்றனர். தலைக்கு மெத்தென்று ஏதேனும் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகில் இருக்கின்றனர். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைக்கின்றனர். நம் லயங்களில் செய்வதுபோல் கையில் இரும்பைக் கொடுப்பதும் வாயில் கரண்டியைத் திணிப்பதும் அங்கே இல்லை. இரும்பால் யாதொரு பயனும் இல்லை. கரண்டியால் பல்லுடையும், மூச்சும் தடைபடும்.

தூக்குமுன், "உங்களைத் தூக்கப்போகிறோம்" என்று சொல்லிவிட்டே தொடுகின்றனர். பேசாதவரிடம் எதற்குச் சொல்வது என்று முதல்நாள் நாம் எண்ணினோம். சொல்லாமல் தூக்கியபோது ஓர் இளைஞர் உடல் விறைத்ததையும், சொல்லித் தூக்கியபோது தளர்ந்து கொடுத்ததையும் கண்டபின் அவ்வாறு எண்ணவில்லை. குளிப்பாட்டும்போது கதவைச் சாத்துகின்றனர். ஒரே பக்கம் கிடந்து புண் வராதபடி வேளைதோறும் புரட்டிப் படுக்கவைக்கின்றனர்.

மிகக் கடினமானது முதல் இரவு. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவெல்லாம் வாசலையே பார்த்து அழுதாள். பணிப்பெண் அவளை அதட்டவுமில்லை. பொய் சொல்லித் தேற்றவுமில்லை. அவள் தாயின் பழைய சேலை ஒன்று பையில் வந்திருந்தது. அதனை அவள் மேல் போர்த்தி, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுமி உறங்கினாள். மறுநாள் தாய் தொலைபேசியில் கேட்டபோது, "அழுதாள், நான் பக்கத்திலேயே இருந்தேன், நாலு மணிக்குத் தூங்கினாள்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். உண்மை சொல்கிறவரிடமே தாய் மறுமுறையும் பிள்ளையை விடுவாள். மூன்றாம் நாள் அச்சிறுமி அப்பணிப்பெண்ணின் கையைத் தானாகப் பற்றியதையும் கண்டோம்.

இவ்வளவும் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். இதனை வேலையாக மதிப்பார் குறைவு, கூலியும் குறைவே. மலம் துடைக்கும் தொழில் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார் ஒருபுறம். புண்ணியம் என்று புகழ்ந்து கூலியைக் குறைப்பார் மறுபுறம். இரண்டும் ஒரே அநீதியின் இரண்டு முகங்கள் என்பது நம் அபிப்பிராயம்.

நம் நாட்டில்

நம் நாடுகளிலும் விதை விழாமல் இல்லை. சிங்கப்பூரில் அறிவு வளர்ச்சிக் குறையுடையோர்க்கான சங்கம் 1962இல் தோன்றியது. இன்று மைண்ட்ஸ் என வழங்குவது அதுவே. மலேசியாவில் 1984இல் திரங்கானுவிலுள்ள பத்து ராக்கிட்டில், பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் வந்தது. ஆயினும் பி.டி.கே. நிலையங்கள் கொடுப்பது பகலில் சில மணி நேரமே. இரவும் சேர்ந்த நான்கு நாளைக்கு, அதுவும் பட்டணத்துக்குத் தொலைவிலுள்ள தோட்டத்துத் தாய்க்கு, அது போதாது.

இத்தகைய ஏற்பாடு நமக்குப் புதிதும் அன்று. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்ததை நம்மில் எவர் அறியார்? விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய் தன் கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டாள். ஆயாவுக்குத் தோட்டமே சம்பளம் தந்தது. பால்மரம் வெட்ட ஆள் வேண்டும் என்பதற்காகத் துரைமார் செய்த ஏற்பாடு அது. 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்புச் சட்டமும் சிறுவர்க்கான பிள்ளைக்கூடத்தைக் குறிப்பிடுகிறது. ஆனால் கொட்டகையின் வயது கடந்தும் நடக்காத பிள்ளைக்கு எந்த ஆயாவும் இல்லை. நடக்கும் பிள்ளையைக் கூலி கொடுத்துப் பார்ப்பது நியாயமெனில், நடவாப் பிள்ளையைப் பார்ப்பது எப்படித் தர்மமாகும்?

தோட்டங்கள் விற்கப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய நம்மவர் நிலை இன்னும் கடினம். லயத்தில் பக்கத்து வீட்டுக் கிழவியாவது எட்டிப் பார்த்தாள். பத்தாம் மாடியில் கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. இதனோடு, குறையுடைய பிள்ளை முன்வினைப் பயன் என்ற பேச்சு வேறு. அப்பேச்சு பிள்ளையின் காலை நடக்க வைத்ததில்லை. தாயைக் கல்யாண வீட்டின் வாசலிலிருந்து திரும்ப வைத்திருக்கிறது. வினை என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர், உதவ மனமின்மைக்கு ஒரு பெரிய பெயரைச் சூட்டிக்கொள்கிறார்; அவ்வளவே.

செய்யத்தக்கது யாது? மாளிகை எழுப்ப வேண்டுவதில்லை. மாளிகைகள் தோற்ற சரித்திரத்தையே மேலே கண்டோம். தோட்டந்தோறும், குடியிருப்புதோறும், விருப்பமுள்ள இருவரைத் தேர்ந்து, வலிப்பு, மருந்து, உணவு, தூக்கும் முறை ஆகியவற்றில் முறையாகப் பழக்கி, பிள்ளைகளோடு முன்னதாகவே பழகவிட்டு, நாட்கூலியும் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வெள்ளி திரட்டத் தெரிந்த நமக்கு இது இயலாத காரியம் அன்று. சங்கங்கள் முன்வந்தால், உடன்படிக்கையைக் காட்டி அரசிடம் பங்கு கேட்கவும் வாய் இருக்கும்.

அவ்வம்மையாரின் காரியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். கடிதம் எழுதினோம், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கப் பிரசவம் இடங்கொடுக்கவில்லை. பழைய கொட்டகையில் ஆயாவாக இருந்த மூதாட்டி ஒருவர் இன்னும் லயத்தில் இருந்தார். அவ்விளைஞன் கைக்குழந்தையாய் இருந்தபோது அவனை மடியில் வைத்திருந்தவர் அவரே. அவரை அழைத்து, தாயார் சொல்லச் சொல்ல நோட்டுப் புத்தகம் ஒன்றில் எல்லாம் எழுதி, முதலில் ஒரு பகல், பின்னர் ஓர் இரவு என்று பழக்கி, அதன்பின் நான்கு நாட்கள் விட்டோம். முதல் இரவு அவன் உறங்கவில்லை. இரண்டாம் இரவு உறங்கினான். தாயார் பேரனைக் கையில் ஏந்திவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆயாவுக்கு நான்கு நாட்கூலியை நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தோம். "இதற்கு எதற்கு ஐயா காசு? புண்ணியமாகப் போகட்டும்" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். வற்புறுத்திக் கொடுத்து, புத்தகத்தில் ரேகை வாங்கிக்கொண்டோம். அடுத்த முறையும் அவரைக் கேட்கவேண்டும். அவருக்குப் பின் வேறொருவரைக் கேட்கவேண்டும். புண்ணியத்தை நம்பி ஒரு தாய் இருபது ஆண்டு காத்திருந்தது போதும்.